எங்கள் நகருக்கு மென்னீர் வந்த கதை

கமலாவை அன்று மாலை கிணற்றடியில் நான் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே நாலடி தூரம் இருந்தது. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. அவள் கட்டியிருந்த மாம்பழ நிறப் புடவையை அதற்கு முன் இரண்டு முறை பாராட்டியும் இருக்கிறேன். இருந்தாலும் பார்க்கவில்லை.

அவள் கையில் ஒரு பெரிய துணிக்கடைப் பை. என் கையில் ஒரு ஒயர் கூடை, மேலே துண்டு போட்டு மூடியது. பைக்குள்ளும் கூடைக்குள்ளும் ஆளுக்கொரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருந்தது.

கிணற்று மேடையில் வாளியோடு நின்ற எஸ்தர் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு வசந்தாக்கா முன்னாடி வந்தது? நீயா, அவங்களா?"

"யாரு?" என்றேன் நான்.

"யாரு?" என்றாள் கமலா.

எஸ்தர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "சரியாப் போச்சு. ரெண்டு பேருமே வரல போல கீது. அப்ப நான் யாருக்கு ஊத்துறது?"

கமலா யாரென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் வைத்தியநாதனின் மனைவி. எஸ்தரை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியைப் பற்றி முன்பு எழுதியபோது அவளும் வந்தாள். கூடுவாஞ்சேரியில் என்னோடு ஏறி, தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனவள். எனக்கு அங்கே ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஜன்னலோர இடத்தை முறை போட்டுப் பகிர்ந்துகொண்ட சிநேகம் எங்களுடையது.

அந்தக் கிணறு எஸ்தர் வீட்டார் வசித்த காலனிக்குச் சொந்தம். அதில் தண்ணீர் எடுத்துக் குடிப்பதாக எங்கள் நகரில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. குடித்தது மட்டும் எல்லாரும்.

கீஸருக்குள் பூத்த பூ

எங்கள் பேட்டையின் பெயர் பூரணி நகர். பூரணி, மனை போட்டு விற்றவரின் மூத்த பெண். வயல்களாக இருந்த இடத்தில் மதில் எழுப்பி, வாசலில் ஒரு வளைவு வைத்து, "சுவையான குடிநீர் வசதி" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார் அவர். சுவை இருந்ததை மறுக்க முடியாது. ஒரு வாய் குடித்தால் அன்று முழுக்க நாக்கில் நின்றது.

வீட்டுக்கு வீடு போர் போட்டிருந்தோம். ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் வரும் என்றார்கள், போனோம். ஆழத்தில் இன்னும் கெட்டியாக இருந்தது. மூன்று மாதத்தில் குழாயின் வாயில் வெள்ளை வெளேரென்று ஏதோ பூத்தது. ஆறு மாதத்தில் கீஸர் உறுமத் தொடங்கியது. திறந்து பார்த்த எலக்ட்ரீஷியன் உள்ளேயிருந்து ஒரு கை நிறையச் சுண்ணாம்பை அள்ளி, "பொங்கலுக்கு வூட்டுக்கு வெள்ளையடிக்க வச்சிக்கோங்கம்மா" என்று என் உள்ளங்கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

துவரம் பருப்பு வேகாது. எத்தனை விசில் விட்டாலும் சாம்பாரில் தனித்தனியாக மிதக்கும். சோப்பு நுரைக்காது. திரிந்த பால் போல உடம்பில் ஒட்டிக்கொண்டு வழியும். எவர்சில்வர் டம்ளர் ஒவ்வொன்றும் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். விருந்தாளிகள் அதைப் பார்த்துவிட்டு, "இப்பதான் காபி குடிச்சிட்டு வந்தோம்" என்பார்கள்.

கோடை விடுமுறைக்கு வந்த நாத்தனார் மகனை மாமல்லபுரத்துக் கடலில் குளிக்க வைத்துக் கூட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை குளித்துவிடு என்றேன். குளித்துவிட்டு வந்து, "அத்தை, அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் குளிச்சிருக்கலாமே, ரெண்டும் ஒண்ணுதானே" என்றான். பையன் பொய் சொல்லத் தெரியாதவன்.

இத்தனைக்கும் எங்களில் பாதிப் பேர் கல்பாக்கத்து குவார்ட்டர்ஸில் பாலாற்றுத் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தவர்கள். சொந்த வீடு என்ற ஆசையில் கிளம்பி வந்தோம். வீடு சொந்தமானது. தலைமுடிதான் ஒவ்வொன்றாக எங்களை விட்டுப் போனது.

சொட்டு மருந்து

வைத்தியநாதன் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையில் இருந்தார். விடியற்காலையில் வாசல் வளைவுக்கு வரும் அலுவலக பஸ்ஸில் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளை விஞ்ஞானத்துக்கும் எங்களுக்கும் ஒதுக்கியிருந்தார்.

அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து, ஏதோ ஒரு பொடியைச் சிட்டிகை போடுவார். தண்ணீர் கருஞ்சிவப்பாகும். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குவார். ஒரு கட்டத்தில் சிவப்பு போய் நீலமாகும். எத்தனை சொட்டில் நீலமாகிறதோ அவ்வளவு கடினம் அந்தத் தண்ணீர்.

இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவே கூடாது. ஒரே மாதத்தில் நகர் முழுவதும் சொட்டுப் பைத்தியம் பிடித்தது. பரீட்சை மதிப்பெண்ணை மறந்துவிட்டுப் பெற்றோர்கள் சொட்டைப் பேசினார்கள். "எங்க போர் இருபத்தஞ்சு சொட்டுதான்" என்று ஒருவர் பெருமைப்பட்டால், "நாங்க இருபத்து மூணு" என்று எதிர்வீட்டுக்காரர் தோளைக் குலுக்குவார். இரண்டு தண்ணீரிலும் பருப்பு வேகவில்லை என்பது வேறு விஷயம்.

ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொண்டது. நெல்லைக்காரர்கள் தாமிரபரணி என்றார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் காவிரி என்றார்கள். கமலா கோயம்புத்தூர்ப் பெண். "எங்க சிறுவாணிக்கு நீங்க மருந்து பாட்டிலைத் திறந்தாலே போதும், நீலமாயிடும்" என்றாள் ஒருமுறை. வைத்தியநாதன் அதை விஞ்ஞானபூர்வமாக மறுத்து அரை மணி நேரம் பேசினார்.

ஒருமுறை நகர்க்காரர்கள் எல்லாருமாக முட்டுக்காட்டுக்குப் படகு சவாரி போனோம். மற்றவர்கள் லெமன் சாதத்தைப் பிரித்தபோது இவர் பெட்டியைப் பிரித்தார். உப்பங்கழித் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சொட்டு விட ஆரம்பித்தார். விட்டார், விட்டார், சாதம் ஆறும்வரை விட்டார். மருந்து பாட்டில் காலியானது. தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. "இன்ட்ரஸ்டிங்" என்றார். கடல் தண்ணீர் உப்பாக இருப்பதை அன்று நாங்கள் ஆதாரத்தோடு தெரிந்துகொண்டோம்.

அவர் வீட்டுக் குடிதண்ணீர் மட்டும் மூன்றே சொட்டு. கமலாவின் தம்பி செங்கல்பட்டில் இருந்தான். அவன் வீட்டு அடிபம்புத் தண்ணீரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதாக வீட்டில் ஏற்பாடு. "மூணே சொட்டு சார்! செங்கல்பட்டு மண்ணோட அமைப்பு அப்படி" என்று பஸ்ஸில் எல்லாருக்கும் விளக்கியிருந்தார். என் கணவரும் அதே பஸ்ஸில்தான் போனார். வாரத்துக்கு இரண்டு முறையாவது செங்கல்பட்டு மண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டு வருவார்.

ஒரு விஞ்ஞானிக்குத் தன் வீட்டுக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதா என்று கேட்பீர்கள். நான் அவரை நம்புகிறேன். வீட்டில் சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமலே பணி ஓய்வு பெற்ற ஆண்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும்.

வாக்கிங்

எங்கள் மதிலுக்கு வடக்கே ஒரு வாய்க்கால். அதைத் தாண்டினால் காலனி. முப்பது நாற்பது வீடுகள், ஒரு சின்ன தேவாலயம், ஒரு மாரியம்மன் கோவில். பூரணி நகர் வயலாக இருந்த காலத்தில் அதில் நாற்று நட்டவர்களும் களை பறித்தவர்களும் அவர்கள்தான். அந்த மண்ணில் ஒரு சென்ட் அவர்கள் பேரில் இருந்ததில்லை. இப்போது அவர்கள் பிள்ளைகள் ரயிலில் வேலைக்குப் போனார்கள், ஆட்டோ ஓட்டினார்கள், ஒருவர் ஆசிரியராகக்கூட இருந்தார்.

அவர்களுடைய கிணறு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. ஆழமில்லை. ஏரியின் ஊற்று மண்ணில் வடிகட்டி உள்ளே வரும். அந்தத் தண்ணீரில் பருப்பு ஒரே விசிலில் வெந்தது. காபி காபியாக இருந்தது.

எஸ்தர்தான் எனக்கு முதலில் சொன்னாள். நான் இரண்டு பேரிடம் ரகசியமாகச் சொன்னேன். அந்த இரண்டு பேர் என்ன செய்தார்களோ, அடுத்த மாதத்திலிருந்து பூரணி நகரில் ஆரோக்கிய அலை அடித்தது. மாலையானால் எல்லாரும் வாக்கிங் போனார்கள். முட்டி வலிக்கு, சர்க்கரைக்கு, பிரஷருக்கு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெரிய பை இருந்தது. போகும்போது பை காற்றில் ஆடியது. வரும்போது தோள் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. எதிரில் யாராவது வந்தால், "வாக்கிங்கா?" "ஆமாம், வாக்கிங்." பையைப் பற்றிக் கேட்பது அநாகரிகம்.

காலனிக் கிணற்றுத் தண்ணீர் என்று வாயால் சொல்ல எங்களுக்குக் கூச்சம். கூச்சம் என்று நான் மரியாதையாகச் சொல்கிறேன். அதன் சரியான பெயர் உங்களுக்கும் தெரியும்.

கிணற்றடியில் ஒரு சட்டம் இருந்தது. வெளியாட்கள் மேடையில் ஏறக்கூடாது. சொந்தக் கயிறும் வாளியும் கூடாது. காலனிக்காரர் யாராவது மேடையில் நின்று தங்கள் வாளியில் மொண்டு, மேலேயிருந்து நம் கேனில் ஊற்றுவார்கள். எங்கள் நகரில் ஓய்வு பெற்ற பாங்க் மேனேஜர் ஒருவர் இருந்தார். ஒருநாள் வாளியைத் தொடப் போனார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் எஸ்தர். "கேன மட்டும் அந்தாண்ட வைங்க. நான் ஊத்துறேன்."

வாழ்க்கையில் யாருக்கும் தள்ளி நிற்காத மனிதர். நின்றார். எஸ்தரின் அம்மா காலத்தில், ஊர்க் கிணற்றடியில் யார் தள்ளி நின்றார்கள், யார் மேலேயிருந்து ஊற்றினார்கள் என்று எஸ்தர் ரயிலில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. என் முறை வந்தபோது நானும் தள்ளி நின்றேன். அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நீல டேங்க்

இந்த நிலையில்தான் வைத்தியநாதன் மென்னீர் கொண்டுவந்தார்.

சங்கத்தின் பொது போரிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் வழியில் ஆள் உயர நீல டேங்க் ஒன்று நிறுத்தப்பட்டது. உள்ளே தேன் நிறத்தில் ஜவ்வரிசி மாதிரிக் குருணை. தண்ணீரின் கடினத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பிடித்துப் பிடித்து அலுத்துப்போனால், மூட்டை மூட்டையாகக் கல்லுப்பைக் கரைத்து ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவினால் மறுபடி புதுசு.

திறப்பு விழாவில் வாழைமரம் கட்டி, தேங்காய் உடைத்து, "இனி பூரணி நகரில் ஓடப்போவது மென்னீர்" என்று பேசினார். கைதட்டினோம். முதல்நாள் குளியலில் சோப்பு பொங்கி வழிந்தது. பிரச்சினை என்னவென்றால், போகவில்லை. எத்தனை செம்பு ஊற்றினாலும் உடம்பு வழவழவென்றே இருந்தது. என் கணவர் குளியலறையிலிருந்து, "நான் குளிச்சிட்டேனா, இன்னும் இல்லையா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஆனாலும் குழாயில் பூத்தது உதிர்ந்தது, கீஸர் உறுமலை நிறுத்தியது. குடிக்க மட்டும் மென்னீர் லாயக்கில்லை, சப்பென்று இருந்தது. அதற்கென்ன, வாக்கிங் இருக்கவே இருந்தது.

கழுவிய உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று பாங்க் மேனேஜர் கூட்டத்தில் கேட்டார். "அது வெளியே போயிடும்" என்றார் செயலாளர். எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினோம். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது முழுக்க எங்களுக்கு வெளியேதான். குப்பை வெளியே போனது, சாக்கடை வெளியே போனது, இதுவும் போகட்டும். தன் வேலையிடத்தில் ஒரு துளிக் கழிவைக்கூட எங்கே போகிறது என்று கண்காணிக்காமல் விடமாட்டார்கள் என்று எங்களுக்கு அடிக்கடி சொல்பவர் அவர். வடக்கு மதிலில் ஓட்டை போட்டுக் குழாயை வாய்க்காலில் விட்டார். வாய்க்கால் கிணற்றை ஒட்டி வளைந்து போனது.

பிற்பாடு நெம்மேலியில் கடல் தண்ணீரையே குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பினார்கள். நாங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு குடிநீர்க் கிணற்றைக் கடலாக்கிக் காட்டியவர்கள். எங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நானே எழுதிக்கொள்கிறேன்.

பழி பால்காரர்மேல்

காபி கரிக்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு டிகாக்‌ஷனில் யாரோ உப்புக்கல் போட்டதுபோல.

வெளிப்படையாகச் சொல்ல முடியாதே. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்னால், கிணற்றுத் தண்ணீர் குடித்ததாக ஆகும். அதனால் பால்காரரை மாற்றினோம். அடுத்து காபிப் பொடிக் கடையை மாற்றினோம். வைத்தியநாதன் வீட்டில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "செங்கல்பட்டுல நிலத்தடி நீர் கெட ஆரம்பிச்சிடுச்சு, கமலா. எழுதணும் இதைப் பத்தி" என்றாராம். கமலா என்னிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நாங்கள் அப்போது காய்கறி வண்டியருகே நின்றிருந்தோம். கிணற்றடி தவிர மற்ற இடங்களில் நாங்கள் பேசிக்கொள்வோம்.

எஸ்தர் ரயிலில் எனக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு எஸ்தர்?"

"உங்க பைப்புக்கா. தண்ணி உப்பா வந்துகினு கீது. கொயந்தைங்க வாயில வச்சதும் துப்புதுங்க. இத்தினி வருஷமா அந்தக் கெணறு வத்துனதும் இல்ல, கெட்டதும் இல்ல. எங்களுக்கு வேற கெணறும் இல்ல. உனக்குக் கேன்ல ஊத்துனேன்ல, அதுல இன்னா கொற வச்சேன் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், நேரில் வந்து கேள், நான் இருக்கிறேன் என்றேன்.

பாட்டில் காலியானது

மேல்நிலைத் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. எஸ்தர் தனியாகத்தான் வந்தாள், ஒரு கேன் தண்ணீரோடு.

"எங்க கெணத்துத் தண்ணி சார் இது. உங்க பைப்பால கெட்டுப் போச்சு. அத நிறுத்துங்க, அதான் கேக்க வந்தேன்."

வைத்தியநாதன் கோபப்படவில்லை. அவர் கெட்டவர் இல்லை. "எங்க பைப்பாலதான்னு எப்படிம்மா சொல்றே? ஆதாரம் வேணுமே" என்றார் பொறுமையாக.

"உங்களாண்ட சொட்டு மருந்து கீதாமே சார். போட்டுப் பாருங்க."

பெட்டி வந்தது. அவர் முகம் மலர்ந்தது. குப்பியில் தண்ணீர், ஒரு சிட்டிகைப் பொடி, கருஞ்சிவப்பு. சொட்டு விட ஆரம்பித்தார். முதலில் சத்தமாக எண்ணினார். பிறகு மனதுக்குள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினார், கடைசிச் சொட்டும் விழுந்தது. சிவப்பு அப்படியே இருந்தது.

"முட்டுக்காட்டுக்கு அப்புறம் இப்பதான் இப்படிப் பாக்கிறேன்" என்றார். "இது குடிக்கிற தண்ணியே இல்ல. சரிம்மா, உங்க பக்கத்துக்கு லாரித் தண்ணி விடச் சொல்லி பஞ்சாயத்துக்கு நாங்க எழுதறோம். ஆனா டேங்க்கை நிறுத்த முடியாது. இத்தனை குடும்பத்தோட சௌகரியம் இருக்கு. அது உங்க கிணறு. எங்க சங்கத்துல யாருக்கும் அந்தக் கிணத்தோட சம்பந்தம் இல்ல. என்ன, சரிதானே?"

அவர் எங்களைப் பார்த்தார். எஸ்தரும் எங்களைப் பார்த்தாள், நாற்காலி நாற்காலியாக. அந்த வரிசையில் அவள் தண்ணீர் ஊற்றாத ஆள் ஒருவர்கூட இல்லை. பாங்க் மேனேஜர் செருப்பைப் பார்த்தார். என் கணவர் தொட்டியின் அடியைப் பார்த்தார்.

"யாரு குடிச்சாங்கன்னு நான் சொல்ல மாட்டேன் சார்" என்றாள் எஸ்தர். "அது எங்க பழக்கம் இல்ல."

நான் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தேன். ஆனால் எனக்கு முன்னால் கமலா எழுந்துவிட்டிருந்தாள்.

"சம்பந்தம் இருக்குங்க. நாம குடிக்கிறது இந்தத் தண்ணிதான்."

"எது?"

"இதேதான். மூணு சொட்டுன்னு ஆபீஸ் பூராவும் சொன்னீங்களே, அது இந்தக் கிணறு. நேத்து காபி கரிக்குதுன்னு டம்ளரை வச்சிட்டு எந்திரிச்சீங்களே, அதுவும் இந்தக் கிணறு."

"செங்கல்பட்டு..."

"என் தம்பி செங்கல்பட்டுலயே இல்லீங்க. ஓசூருக்கு மாத்தலாகிப் போய் ரெண்டு வருஷமாச்சு. வழியனுப்ப ஸ்டேஷனுக்கு நீங்களும்தான் வந்தீங்க."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கமலா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "எங்க வீட்லயும் அதேதான்" என்றேன் நான். "எங்க வீட்லயும்" என்று பின்வரிசையில் ஒரு குரல். பாங்க் மேனேஜர், "டாக்டர் வாக்கிங் போகச் சொன்னார்..." என்று தொடங்கி, கையை மட்டும் தூக்கினார்.

வைத்தியநாதன் அந்தச் சிவப்புக் குப்பியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய், நீல டேங்க்கின் வால்வைத் தன் கையாலேயே மூடினார். எஸ்தர் கேனை எடுத்துக்கொண்டு, எங்களில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வெளியே போனாள்.

இடுப்பில் குடம்

மதில் ஓட்டையை அடைத்தோம். கிணற்றை மோட்டார் வைத்து இறைத்தார்கள். இறைக்க எங்கள் ஆட்களும் போனார்கள், தள்ளி நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார்கள். உப்பு அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. காலனிப் பெண்கள் ஒரு கோடை முழுக்க லாரிக்குக் காத்து நின்றார்கள். ஐப்பசி மழை வந்தது. மறுபடி இறைத்தார்கள். அடுத்த ஐப்பசியும் வந்தது.

நாங்கள் பழையபடி பூத்த குழாய்களுக்குத் திரும்பினோம். டேங்க் மட்டும் அங்கேயே நின்றது. நகர்ப் பூனை ஒன்று அதன் நிழலில் குட்டி போட்டது.

ஒருநாள் ரயிலில் எஸ்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி நல்லாய்டுச்சுக்கா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் கேட்டேன், "சாயங்காலம் வரட்டுமா?"

"சாயங்காலம் வேணாம். காலைல வா. பை, துண்டு ஒண்ணும் எடுத்தாராத. கொடத்த இடுப்புல வச்சிகினு, உங்க கேட்டாண்ட ஆபீஸ் பஸ்ஸுக்கு நிக்கிறாங்கோ இல்ல, அவங்க முன்னாடி நடந்து வா. யாரு வேணா வரலாம். அப்பிடி வந்தா ஊத்துறேன்."

நகரில் சொன்னேன். நிறையப் பேருக்கு உடனே முட்டி வலி சரியாகிவிட்டது. கேன் தண்ணீர் அப்போதுதான் வண்டியில் வரத் தொடங்கியிருந்தது, அதற்கு மாறிக்கொண்டார்கள். அது யார் கிணற்றுத் தண்ணீர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு கிளம்பியபோது, எனக்கு முன்னால் கமலா போய்க்கொண்டிருந்தாள். எவர்சில்வர் குடம், இடுப்பில். வாசல் வளைவில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சாப்பாட்டுப் பையோடு வைத்தியநாதன் நின்றிருந்தார், அவருக்கு இரண்டு ஆள் தள்ளி என் கணவர்.

"சார், மிஸஸ் காலங்காத்தால எங்க போறாங்க?" என்று யாரோ கேட்டார்.

நான் நடையைத் தளர்த்தினேன். கமலாவும் தளர்த்தினாள். வைத்தியநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காலனிக் கிணத்துக்கு" என்றார். "எங்க வீட்ல அந்தத் தண்ணிதான்." சும்மா இருக்க முடியாத மனிதர். ஒரு நிமிடம் கழித்து, "மூணே சொட்டு சார்" என்றார்.

கமலா திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

கிணற்று மேடையில் எஸ்தர் வேலைக்குக் கிளம்பிய புடவையோடு, வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு முன்னாடி வந்தது?"

கமலா என்னை நேராகப் பார்த்தாள். "நான்தான் வந்தேன். ஆனா வசந்தா வேலைக்குப் போகணும், அவளுக்கு முதல்ல ஊத்து" என்றாள்.

"அப்பாடா" என்றாள் எஸ்தர். "இன்னிக்காவது ரெண்டு பேரும் வந்தீங்களே. கொடத்த வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க."

நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளி நின்றோம்.